ஆப்பு அடித்த கையெழுத்து

பிப்ரவரி 9, திங்கள்.

இன்று ஒரு தவறு செய்தேன். ‘சலவை அறை’ அச்சுக் கட்டையை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் தொட்ட துணியால்தான் துடைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் மரம் உப்பும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். இரண்டு துணியும் ஒரே நிறம் என்பது ஒரு காரணமா? ஓரத்தில் மட்டும்தான் ஈரம் பட்டது. உடனே ஒற்றி எடுத்துவிட்டேன். வாத்தியாரிடம் சொல்லவில்லை. நாளை முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் முதலில் சொன்னது அவள் இல்லை. வாயெடுப்பதற்குள் கட்டையே சொல்லிவிட்டது.

மாலை வகுப்பில் அவளுக்கு ஸ்கேல் என்று பேர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளந்து சட்டத்தில் பொருத்துகிற வேலை. பையில் எப்போதும் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கும். உளியை எடுக்கும் முன் கட்டையை நான்கு பக்கமும் அளப்பாள். அளந்ததை எழுதிவைப்பாள். எழுதியது சரிதானா என்று மறுபடி அளப்பாள். “நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள அந்தக் கட்டை துளிர் விட்டுடும்” என்பாள் பக்கத்து மேசை நர்ஸ்.

வகுப்பு நடப்பது கலைப்பள்ளியின் கீழ்த்தளத்தில். மரச்செதுக்கு மட்டும்தான் அங்கே பாடம். பள்ளியை நிறுவியவர் பெரிய மாஸ்டர். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது நடத்துகிறவர் அவருடைய மகன். எல்லோருக்கும் அவர் வாத்தியார். பெரிய மாஸ்டரின் கட்டைகளிலிருந்து புதிதாகப் படி எடுத்து ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவாகியிருந்தது. கட்டைகளைத் துடைத்து மை போட்டு அச்செடுக்கும் பொறுப்பை வாத்தியார் ஸ்கேலிடம் கொடுத்திருந்தார். அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. உதவியாளர் இடம் காலியாக இருந்தது. உதவியாளருக்கு ஜன்னலோர மேசை, சொந்தமாக ஓர் உளிப் பெட்டி, கட்டைகள் இருக்கும் அலமாரியின் இரண்டாவது சாவி. அந்த மேசையை அவள் யாருக்கும் தெரியாமல் அளந்துகூட வைத்திருந்தாள்.

‘சலவை அறை’தான் மாஸ்டரின் படங்களில் பேர்போனது. பாடப் புத்தகத்தில் வந்தது. தபால்தலையில் வந்தது. இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவுதான் கட்டை. குறுக்கே அறுத்து, முகம் தெரிகிற அளவு இழைத்த மரம். அதில் உளி கீறிய இடமெல்லாம் தாளில் வெள்ளையாக விழும். கீறாத இடம் கறுப்பு. படத்தில் ஆறு பெண்கள். ஒருத்தி பிழிகிறாள், ஒருத்தி உதறுகிறாள், ஒருத்தி இடுப்பில் கையூன்றி முதுகை நிமிர்த்துகிறாள். அவர்களுக்கு நடுவே கொப்பரையிலிருந்து ஆவி எழுகிறது. அந்த ஆவியைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள். மயிரிழையை நாலாகப் பிளந்தாற்போன்ற கோடுகள், ஒன்றும் ஒன்றின்மேல் இடிக்காமல் மேலே போய்க் கரையும்.

செவ்வாய் மாலை உருளையால் மை தடவி, தாளைப் போர்த்தி, அழுத்தி, உரித்தாள். பெண்கள் ஆறு பேரும் சரியாக இருந்தார்கள். ஆவியும் இருந்தது. ஆனால் வலது ஓரத்தில், வாளியின் நிழலில், மாஸ்டரின் கையெழுத்து இருக்கும் இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. காசு அளவுக்கு ஒரு வட்டம் அழுத்தமான கறுப்பு. அதைச் சுற்றி வெளிறிய வளையம். கட்டையின்மேல் விரலை ஓட்டினாள். அந்த வட்டம் மட்டும் மயிரளவு மேலே எழும்பியிருந்தது.

தாளில் விரல் ரேகை பட்டதற்காக வகுப்பு முழுவதையும் நிற்கவைத்தவர் வாத்தியார்.

“சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நேத்து ஈரத்துணி…”

வாத்தியார் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். திட்டு விழும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டு வரவில்லை.

“ஆப்புதான். அப்பாவுக்கு அந்த இடத்துல கை தவறியிருக்கும். யாருக்குத்தான் தவறல?”

ஆப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். உளி வழுக்கித் தப்பான கோடு விழுந்துவிட்டால் மரத்தில் அழிக்க முடியாது. அந்த இடத்தை வட்டமாகத் துளைத்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் ஒரு முளையைச் சீவி அடித்து, மேலே மட்டமாக இழைத்து, அதன்மேல் மறுபடி வெட்ட வேண்டும். நன்றாக அடித்த ஆப்பு கண்ணுக்குத் தெரியாது. இதில் தண்ணீர் இறங்கியதும் முளை உப்பிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

“இதை நீயே மட்டமாச் சீவிடு” என்றார் வாத்தியார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கோடு சாகாம சீவணும். உன் கைதான் அதுக்கு லாயக்கு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். கண்காட்சி முடியட்டும், அந்த உதவியாளர் விஷயத்தைப் பேசி முடிச்சுடலாம்.”

தப்புச் செய்ததற்குப் பாராட்டு. அவளுக்கே கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகிறவரை அந்த வாக்கியத்தை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே போனாள். உன் கைதான் லாயக்கு.

“என்னடி, முகமெல்லாம் பல்லா வர்றே?” என்றாள் அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இடம் கிடைக்கும் போலம்மா.”

“எந்த இடம்? மரம் வெட்டற இடமா? ஊர்ல பொண்ணுங்க கம்ப்யூட்டரைத் தட்டறாங்க. என் பொண்ணு கட்டையைத் தட்டுது.” மடித்த துணியை அவள் கையில் திணித்தாள். “அது சரி, அந்தப் பெரிய மாஸ்டர் துணி துவைக்கற பொம்பளைங்களைத்தானே வரைஞ்சாரு? அவர் என்னிக்காவது துவைச்சிருக்காரா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சும்மா கேட்டேன். முதுகை நிமித்தறாளே ஒருத்தி, நான் அப்படித்தான் நிமிர்த்துவேன். கையை முன்னால வெக்க மாட்டேன், பின்னால வெப்பேன். பார்த்தவனுக்கு அது தெரியாது. வலிச்சவளுக்குத்தான் தெரியும். யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும்.”

ஸ்கேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் யோசனையெல்லாம் சீவுவதில் இருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு கனம் விடலாம், எந்தப் பக்கத்திலிருந்து கத்தியை ஓட்டலாம்? முறையாகச் செய்ய வேண்டும் என்றால் மாஸ்டர் மற்ற ஆப்புகளை எப்படி மட்டமாக்கினார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்த வகுப்புக்குக் கடையிலிருந்து கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் போனாள். துடைக்க என்று வாத்தியாரிடம் சாவி வாங்கி, அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

தேடுகிற கண்ணுக்கு ஆப்பு சிக்கியது. ‘படிக்கட்டில் குழந்தை’யில் ஒன்று. ‘இறக்கிவைத்த சுமை’யில் ஒன்று. ‘ஜன்னல், மழை’யில் ஒன்று. மயிரிழை போல ஒரு வட்டம், சுற்றிலும். எல்லாமே ஓரத்தில். எல்லாமே கையெழுத்து இருக்கும் இடத்தில். சலவை அறையோடு சேர்த்துப் பதினொரு கட்டைகள். மீதிக் கட்டைகளில் ஆப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அங்கேயும் இங்கேயும், ஒரு மூக்கில், ஒரு மரக்கிளையில் இருந்தன. ஆனால் கையெழுத்தில் இல்லை.

“என்ன, கட்டைக்கு வைத்தியம் பாக்கறியா?” நர்ஸ் பையை மேசைமேல் போட்டுவிட்டு வந்தாள்.

ஸ்கேல் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். நர்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். அவள் வழக்கமாகச் செய்கிற கேலியைக் காணோம்.

“இது காயம் இல்ல” என்றாள் கடைசியில். “காயம்னா எங்க வேணா படும். ஒரே இடத்துல வர்றது ஆபரேஷன்.”

“மாஸ்டருக்குக் கை தவறியிருக்கும்னு வாத்தியார் சொன்னார்.”

“ஏன், பேர் எழுதும்போது மட்டும் கை நடுங்குமா அவருக்கு? கல்யாண ரிஜிஸ்டர்ல எப்படிக் கையெழுத்துப் போட்டாராம்?” அதன் பிறகு சிரித்தாள். “யாருக்கோ நல்லா ஆப்பு வெச்சிருக்காங்கடி.”

ஸ்கேல் சிரிக்கவில்லை. தான் ஏதாவது தப்பாகப் பார்க்கிறோமோ என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அப்போதுதான் இரண்டாவது விஷயம் கண்ணில் பட்டது. ஆப்பு இல்லாத கட்டைகளில் மாஸ்டரின் கையெழுத்து தடித்து, மூலை உடைந்து, வாய்க்கால் வெட்டியதுபோல இருந்தது. ஆப்பின்மேல் இருந்த கையெழுத்தோ நூல் மாதிரி. ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னச் சொடுக்கு, முடியும் இடத்தில் மூச்சு விடுவதுபோல ஒரு மெலிவு. அந்தச் சொடுக்கை அவள் பார்த்திருக்கிறாள். சலவை அறையின் ஆவியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

அப்புறம் வட்டத்துக்கு வெளியே, கீழே, ஒரு சின்ன வளைகோடு. பதினொன்றிலும். அதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கண்காட்சிக் கையேட்டில் அரைப் பக்கம் அதைப் பற்றித்தான். ‘மாஸ்டரின் புகழ்பெற்ற பிறைக்கீறல், தன் முழுமையைத் தானே குலைத்துக்கொள்ளும் மேதையின் அடக்கம்.’ கையேட்டைப் பிழை பார்த்ததே அவள்தான். அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு மெய்சிலிர்த்தது. இப்போது பார்த்தால் அது பிறையும் இல்லை, அடக்கமும் இல்லை. துளை கொஞ்சம் சின்னதாகிவிட்டது. எடுக்க நினைத்த பழைய கையெழுத்தின் வால் வெளியே மாட்டிக்கொண்டது.

மெதுவாக, காதுமடலில் தொடங்கி, அவளுக்குச் சூடேறியது.

சிலர் கோபத்தை மூக்கு நுனியில் வைத்திருப்பார்கள். ஸ்கேலுக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. கோபம் வந்தால் முதலில் அது நியாயமானதா என்று யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். இந்தத் தடவை யோசித்தாள், ஆறவில்லை. யோசிக்க யோசிக்க ஏறியது.

அன்று கையேட்டின் கடைசித் திருத்தத்தை அச்சகத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அச்சகம் இரண்டு தெரு தள்ளி. நடத்துகிறவள் வாத்தியாரின் அக்கா. பள்ளிக்குள் அந்த அம்மாள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. திருத்தத்தோடு, வளையம் விழுந்த படியையும் ஸ்கேல் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

முன்னறை முழுக்கத் தாள் கட்டுகள். கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள்.

“தம்பி அனுப்பினானா? வெச்சுட்டுப் போ.”

“மேடம், ஒரு விஷயம் கேக்கணும்.”

“மேடமும் வேண்டாம் மாடமும் வேண்டாம். அக்கான்னு சொல்லு. என்ன, தேதி மாத்தணுமா?”

ஸ்கேல் படியை விரித்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். எதுவும் தேவைப்படவில்லை. அக்காவின் பார்வை நேராக வலது ஓரத்துக்குப் போய் நின்றது. பெண்களைப் பார்க்கவில்லை, ஆவியைப் பார்க்கவில்லை. அப்புறம் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“வந்துட்டியா” என்றாள், தாளைப் பார்த்து. “இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்துட்டு, வெளியே வந்துட்டியா?”

“அக்கா, இது யாரோட கை?”

“எங்க அம்மாவோடது.”

“அந்த எழுத்தும்… மாஸ்டர் பேரும் அவங்க கைதானே? கோடு ஒண்ணாத்தான் இருக்கு.”

அக்கா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “கண்ணு இருக்கு உனக்கு. அப்பாவுக்கு அவ்வளவு சின்ன எழுத்து வராது. அவர் கை மண்வெட்டி. வேற யார் வெட்டறது? தன் பேரைத் தானே துளைச்சு எடுத்தா. தானே ஆப்பு அடிச்சா. தானே இழைச்சு அது மேல அவர் பேரைப் போட்டா. ஒரே வாரம். பதினொரு கட்டை.”

“யார் சொல்லிச் செஞ்சாங்க?”

“யாரும் சொல்லலைடி, அதுதானே! இந்தச் சலவை அறையை வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பினாங்க. பரிசு வந்தது. ‘இது யாரு, உங்க மாணவியா?’ன்னு அப்பாவை நாலு பேர் கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தார். பேசல. அடிச்சாரா, இல்ல. திட்டினாரா, இல்ல. திட்டியிருந்தா அம்மா திருப்பித் திட்டியிருப்பா, வாய் இருந்தது அவளுக்கு. அவர் பேசவே இல்ல. தட்டை வெச்சா சாப்பிடுவார், எடுத்தா எழுந்துக்குவார். பேசாத மனுஷனோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது? ஒரு நாள் காலையில அம்மா துளைக்கற கருவியை எடுத்தா. எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு அவர், ‘இன்னிக்கு வெயில் அதிகம்’னார். அதுதான் சமாதானம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அம்மா அதுக்குப் பிறகு உளியைத் தொடவே இல்ல. துணி துவைச்சா, எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா, போய்ச் சேந்தா.”

ஸ்கேலின் கை மேசையிலிருந்த திருத்தத் தாள்மேல் இருந்தது. அதில் ஒரு வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘பிற்காலத்தில் மாஸ்டர் நுண்மையை வேண்டுமென்றே துறந்து முரட்டு நடைக்கு மாறினார்.’ வேண்டுமென்றே! அவர் நுண்மையைத் துறக்கவில்லை. நுண்மைதான் அவரைத் துறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனது. இந்த வரிக்குக் கால்புள்ளி சரிபார்த்தவள் அவள்.

“இவ்வளவும் தெரிஞ்சு நீங்க ஏன்க்கா சொல்லல?” கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. “பாடப் புத்தகத்துல வந்தது. தபால்தலையில வந்தது. நீங்களே இந்தக் கையேட்டை அச்சடிக்கறீங்க!”

“என்கிட்ட கத்தறியா?” அக்கா எழுந்துவிட்டாள். “சொன்னேன். அப்பா செத்தப்போ சொன்னேன். ‘அக்காவுக்குச் சொத்து மேல கண்ணு’ன்னான் தம்பி. ‘துக்கத்துல புலம்பறா’ன்னாங்க சொந்தக்காரங்க. புத்தகம் எழுதினாரே ஒரு பேராசிரியர், அவர்கிட்டயும் சொன்னேன். ‘சுவாரசியமான குடும்பக் கதை’ன்னு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டார். காட்டு, ஆதாரம் காட்டுன்னா எதைக் காட்டுவேன்? ஆப்பை அவ்வளவு நல்லா அடிச்சுத் தொலைச்சிருந்தா எங்க அம்மா. வேலை சுத்தம்! கண்டுபிடிக்க முடியல.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். “சரி, தம்பி இதைப் பார்த்துட்டு என்ன சொன்னான்?”

“என்னையே மட்டமாச் சீவச் சொன்னார். என் கைதான் லாயக்குன்னார்.”

“ஓஹோ” என்றாள் அக்கா. “எங்க அம்மா கையும் லாயக்கான கைதான்.”

அடுத்த வகுப்பில் ‘சலவை அறை’ கட்டை ஜன்னலோர மேசைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் புதிதாகச் சாணை பிடித்த சீவுகத்தி. அந்த மேசையில் உட்காரச் சொல்லி வாத்தியார் கையைக் காட்டினார். வகுப்பு முழுவதும் பார்த்தது. எத்தனை நாள் அவள் அளந்த மேசை!

அவள் உட்காரவில்லை.

“சார், இதை நான் சீவ மாட்டேன்.”

“பயமா? நான் பக்கத்துல இருக்கேன்.”

“பயம் இல்ல சார். இதை வெட்டினது உங்க அம்மா.”

உளிச் சத்தம் நின்றது. வாத்தியார் வகுப்பை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“அச்சகத்துல போய் வம்பு கேட்டுட்டு வந்தியா?”

“கட்டைதான் முதல்ல சொல்லிச்சு. பதினொரு கட்டையிலயும் கையெழுத்துல மட்டும் ஆப்பு. எழுத்தும் மாஸ்டர் எழுத்து இல்ல. பிறைக்கீறல்னு நாம எழுதியிருக்கோமே, அது அவங்க எழுத்தோட வால். உங்களுக்குத் தெரியாதுன்னா சொல்லுங்க, நான் காட்டறேன்.”

“எல்லாரும் கிளம்புங்க. இன்னிக்கு வகுப்பு இவ்வளவுதான்” என்றார் வாத்தியார்.

எல்லோரும் கிளம்பினார்கள். ஒருவரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. பூனைக்கு மணி கட்டுகிற நேரத்தில் எலிகளுக்கெல்லாம் வீட்டில் வேலை வந்துவிடும். நர்ஸ் மட்டும் வாசற்படியில் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வார் மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அறை காலியானதும் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், அலுப்பாக இருந்தார்.

“எனக்குத் தெரியாதா? என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாதா? ஒண்ணு யோசி. இந்தப் பள்ளிக்கூடம் அப்பா பேர்ல நிக்குது. அவரோட சிறந்த படம் அவரோடது இல்லைன்னு சொன்னா, நாளைக்கு இதை யார் நடத்துவாங்க? உனக்கு எங்க மேசை, எங்க உளி? அம்மா உயிரோட இருந்திருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. அவளே மறைச்சதை நீ ஏன் தோண்டறே?”

“அவங்க மறைக்கல சார். மறைக்க வெச்சாங்க.”

“பெரிய வார்த்தை.” சற்று நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். “சரி. நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. அம்மா பேரையும் போடு. சின்ன அட்டையா, படத்துக்குக் கீழ போட்டுக்கோ. ஆனா ‘பெரிய மாஸ்டரின் மேற்பார்வையில்’னு ஒரு வரி வரணும். இவ்வளவு இறங்கி வர்றேன். அந்த மேசையும் உனக்குத்தான்.”

ஸ்கேலின் நாக்கு நுனிக்குச் ‘சரி’ வந்துவிட்டது. சரி என்று சொல்லியே வளர்ந்த நாக்கு. பாதி கிடைத்தால் போதாதா? நாற்பது வருடம் இல்லாத பெயர் அட்டையில் வரும். மேசை வரும். நான் யார், இருபத்து மூன்று வயதில், இவர்கள் குடும்பத்து விஷயத்தில்?

பிறகு அந்த வரியை மனதுக்குள் அச்சுக்கோத்துப் பார்த்தாள். மேற்பார்வையில். பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனின் பார்வை. அந்தப் பார்வைக்கு எதிரே ஒருத்தி குனிந்து, தன் பெயரைத் தானே துளைத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம், மேற்பார்வைதான். எவ்வளவு சரியான சொல்!

மேசையிலிருந்த சீவுகத்தியை எடுத்தாள்.

“அந்த வரி வராது சார். ஆவியில ஒரு கோடாவது மாஸ்டர் போட்டிருந்தா காட்டுங்க, அந்த ஒரு கோட்டுக்கு அவர் பேரைப் போடறேன். இல்லைன்னா இந்தாங்க.” சீவுகத்தியின் பிடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “நீங்களே சீவுங்க. உங்க அம்மா கோட்டு மேல உங்க கத்தியை நீங்களே வைங்க. என் கை இதுக்கு லாயக்கு இல்ல.”

வாத்தியார் கத்தியை எடுத்தார். கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு முடியாத வேலை ஒன்றும் இல்லை, நல்ல கைதான். கத்தி ஓரத்தை ஆப்பின் விளிம்பில் படிய வைத்தார். கத்தி அங்கேயே இருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“நாளையிலேர்ந்து நீ வகுப்புக்கு வர வேண்டாம்” என்றார், தலையைத் தூக்காமல்.

அவள் ஓடவில்லை, ஆனால் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. நர்ஸும் கூடவே வந்தாள். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லும்போது ஸ்கேலுக்கு அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை. ஆத்திரத்துக்கு வேறு வாசல் கிடைக்கவில்லை. அக்கா பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். பத்திரிகைக் கட்டு ஏற்றுகிற தள்ளுவண்டியைச் சுவரோரத்திலிருந்து இழுத்தாள்.

“பிடி” என்றாள் நர்ஸிடம். “சும்மா வந்தவங்களுக்கும் எங்க கடையில வேலை உண்டு.”

பள்ளியின் கீழ்த்தளத்தில் வாத்தியார் அதே நாற்காலியில் இருந்தார். கத்தி மேசையில் கிடந்தது. கட்டையில் புதுக்கோடு எதுவும் இல்லை என்பதை ஸ்கேல் முதலில் பார்த்துக்கொண்டாள்.

“என்னக்கா, இவ்வளவு வருஷம் கழிச்சு?”

“அலமாரியைத் திற. பதினொண்ணையும் எடுத்துட்டுப் போக வந்தேன்.”

“நீ எப்படி எடுப்பே? இது பள்ளிக்கூடத்துச் சொத்து.”

“அம்மா வெட்டினதுன்னா அம்மா சொத்து. பாதி எனக்கு. அப்பா வெட்டினதுதான்னு இந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துச் சொல்லு, அப்படியே திரும்பிப் போறேன். சொல்லேன்டா. நாக்கு இருக்கில்ல?”

வாத்தியார் ஸ்கேலைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது நியாயமா என்று யோசிக்கவும் இல்லை.

“சலவை அறை இல்லாம கண்காட்சி எப்படிக்கா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். டிக்கெட்டா போடறே? இலவசம்தானே.” அக்கா கையை நீட்டினாள். “உன்னோட பாதிக்கு வேணும்னா நாளைக்கு எங்க கடைக்கு வந்து பாரு. அங்கதான் மாட்டப்போறேன். சாவி.”

வாத்தியார் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சாவியை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசாமல் இருந்தார்.

“அப்படியே அப்பா” என்றாள் அக்கா. இழுப்பறையை அக்காதான் இழுத்தாள். “நிக்கறியே, துணியைப் போட்டுச் சுத்து. காஞ்ச துணியா பாத்துச் சுத்து.”

தள்ளுவண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போகையில் நர்ஸ் விளையாட்டுக் காட்டப் பார்த்தாள். ‘பிணம் தூக்கவே நாலு பேர் வேணும், நாம மூணு பேர்’ என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்கேலுக்கு இன்னும் ஆறவில்லை. மேசை போயிற்று. உளி கிடையாது. பதினொரு கட்டைகளோடு அக்காவின் அம்மா நிறுத்தியிராவிட்டால் இன்று நூறு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டபடி வண்டியின் பிடியை நெரித்துக்கொண்டு நடந்தாள். வெட்டப்படாத அந்தக் கட்டைகளை எந்தச் சுவரில் மாட்டுவது?

பிப்ரவரி 20, வெள்ளி.

பதினொரு கட்டையும் அச்சகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். சேதம் இல்லை. கையேட்டின் திருத்தத்தை அக்கா கிழித்துப் போட்டுவிட்டாள். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று காலையிலிருந்து நினைக்கிறேன். நினைத்துப் பார்த்ததில், குறைவாகத்தான் பேசியிருக்கிறேன். அந்தக் கட்டைகளை வெட்டியவர் பெயரின் எழுத்துகளை அக்காவிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். கோபம் இருக்கிறது.

நாளை: கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும். அச்சகத்தின் முன்னறையிலிருந்து தாள் கட்டுகளைப் பின்னால் நகர்த்த வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் கழற்றிச் சுவரைத் துடைக்க வேண்டும். பதினொரு ஆணி அடிக்க வேண்டும்.